சரிவில் நீச்சல் தடாகம்: வெடிப்பைப் பூசி மறைக்க முன்

எல்ல, கண்டிப் பக்கத்து மலைச்சரிவு ஹோட்டல்கள் சிலவற்றில் நீச்சல் தடாகமும் உண்டு. அதில் வெடிப்பு விழுந்தால் உரிமையாளருக்குச் செலவு. கசியும் நீரோ கீழே குடியிருப்பவர்களின் மண்ணுக்குள் இறங்குகிறது.

முதலில் கசிவா, ஆவியாதலா என்று அறியவேண்டும். வாளியில் நீர் நிரப்பித் தடாகப் படியில் வைத்து, உள்ளும் வெளியும் நீர்மட்டத்தைக் குறித்து 24 மணிநேரம் விடுங்கள். வாளியை விடத் தடாகம் கூடுதலாக வற்றினால் கசிவுதான். குழாய்களிலும் இருக்கலாம்.

மயிரிழை வெடிப்புகள் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். ஒரு விளிம்பு மற்றதைவிட உயர்ந்திருந்தால் கவனம். சரிவில் தடாகத்தின் ஒரு பாதி வெட்டிய கெட்டி நிலத்திலும், மறுபாதி கொட்டி நிரப்பிய மண்ணிலும் நிற்பதுண்டு. நிரப்பிய பக்கம் தாழ, கொங்கிறீட் பிளக்கிறது. வெடிப்பின் இரு முனைகளிலும் கோடிட்டுத் திகதி எழுதி, ஒரு மழைக்காலமாவது பார்க்கவேண்டும். பலருக்கு அந்தப் பொறுமை இல்லை. சீமெந்து பூசி நிறம் அடித்துவிடுகிறார்கள்.

நின்றுபோன வெடிப்பை எபொக்சி செலுத்தி ஒட்டலாம். அசையும் வெடிப்பை ஒட்டினால் பக்கத்தில் இன்னொன்று பிளக்கும். அங்கே முதலில் வடிகாலும் அத்திவாரமும்தான். அடைமழையில் தடாகத்தை முழுதாக வெறுமையாக்கவும் கூடாது. நிலத்தடி நீர் அதைக் கீழிருந்து தூக்கிவிடும்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியது. அங்கே காரணம் தடாகமல்ல, மழை. ஆனால் மண்ணில் ஊறும் நீர் செய்யும் வேலை ஒன்றுதான். கீழே நிலம் பிளந்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, புதிதாகக் கலங்கல் ஊற்று கிளம்பினாலோ உடனே வெளியேறி 117க்கு அறிவியுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையையும் கேளுங்கள்.