நத்தாரும் பொங்கலும்: டயகமவில் இரண்டு சூரியத் திருநாள்கள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்ட ஊரான டயகமவில் டிசம்பர் 21 எந்தப் பெயரும் இல்லாமல் கடந்து போகிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் அன்றோ மறுநாளோதான் வருகிறது. மலையில் கொழுந்து எடுப்பவருக்கு அது தெரிய வழியில்லை. வடக்கு அகலக்கோடு 7 பாகையை ஒட்டிய இவ்வூரில் அன்றைய பகல் ஏறத்தாழ 11 மணி 43 நிமிடம்; ஜூனில் வரும் மிக நீண்ட பகல் 12 மணி 31 நிமிடம். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரம்கூட இல்லை. எடின்பரோவிலோ டிசம்பர் 21இல் பகல் ஏழு மணி நேரத்தை எட்டுவதில்லை. நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேலே 11 பாகைக்குள்தான் நிற்கிறது. டயகமவில் அதே நாள் நண்பகலில் அது 60 பாகை உயரத்தில் இருக்கும். சூரியன் நம்மை விட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் இங்கே யாருக்கும் வந்திருக்காது.

ஆயினும் சூரியன் வடக்கே திரும்புவதை ஒட்டி வளர்ந்த இரண்டு திருநாள்கள் இங்கே ஒரே லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், கொண்டாடப்படுகின்றன. ஒன்று டிசம்பர் 21க்கு நான்கு நாள் பிந்தி வருகிறது, மற்றது 24 நாள் பிந்தி வருகிறது. நத்தாரையும் தைப்பொங்கலையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தூண்டுவது இந்தப் பிந்தல்தான்.

நத்தாரின் கணக்கு உரோமில் தொடங்குகிறது. ஜூலியஸ் சீசரின் நாள்காட்டியில் டிசம்பர் 25 குளிர்காலத் திருப்பத்தின் நாளாகக் கருதப்பட்டது. கிறிஸ்துவின் பிறப்பு அந்நாளில் நினைவுகூரப்பட்டதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வெல்லப்படாத சூரியனின் விழா அதே நாளில் நடந்ததால் திருச்சபை அதை ஏற்றது என்பர் சிலர். மார்ச் 25இல் கருவுற்றதாகக் கொண்டு ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பர் வேறு சிலர். எவ்வழியில் வந்தாலும், நாள்காட்டியின் சிறு பிழையால் அந்த நூற்றாண்டிலேயே உண்மையான திருப்பம் நான்கு நாளளவு முன்னே போய்விட்டது. 1582இல் பாப்பரசர் 13ஆம் கிரகரி 10 நாள்களை நீக்கித் திருத்தியபோது சீசரின் காலத்துக்குத் திரும்பவில்லை. 325ஆம் ஆண்டு நைசியா சங்கத்தின் காலத்து நிலையையே மீட்டார். ஆகவே அந்த நான்கு நாள் இடைவெளி அப்படியே உறைந்துவிட்டது.

பொங்கலின் கணக்கு விண்மீன்களைப் பற்றியது. சூரியன் மகர இராசிக்குள் நுழையும் கணமே தை பிறக்கும் கணம். இராசித் தொடக்கம் திருப்பத்திலிருந்து விலகிய அளவைக் கூறும் அயனாம்சக் கணிப்புகள் தமக்குள் வேறுபட்டாலும், இன்று இந்தியாவில் பரவலாக ஏற்கப்படும் கணிப்பின்படி அந்த நுழைவும் சூரியன் வடக்கே திரும்பும் உத்தராயணத் தொடக்கமும் ஒன்றாக அமைந்த காலம் 285ஆம் ஆண்டை ஒட்டியது. அதன்பின் பூமியின் அச்சு மெல்ல மெல்லத் தள்ளாடிச் சுழல்வதால் மகர நுழைவு 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிச் சென்று ஜனவரி 14க்கும் 15க்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இந்திய அரசு 1952இல் மேகநாத் சாகா தலைமையில் அமைத்த குழு, விண்மீன்களை விட்டுப் பருவ ஆண்டையே அடிப்படையாகக் கொண்ட தேசிய நாள்காட்டியை வகுத்தது. 1957 மார்ச் 22 முதல் அது நடைமுறையில் உள்ளது. அதில் பௌஷ மாதம் டிசம்பர் 22இல் பிறக்கிறது. அரசிதழின் தலைப்பில் அந்த நாள்காட்டியின் தேதி அச்சாகிறது. பொங்கல் பானை அதைப் பொருட்படுத்தவில்லை.

இவ்விரு கணக்குகளையும் சேர்த்துப் பார்க்கையில் எதிர்பாராத உறவொன்று தெரிகிறது. 285, 336: இடையே 51 ஆண்டுகளே. இரண்டு மரபுகளின் கணக்குகள், ஏறத்தாழ ஒரே தலைமுறைகளில் சூரியனின் திருப்பத்தை ஒட்டி நின்றிருக்கின்றன. பிறகு ஒன்று ஆணையால் திருத்தப்பட்டது. மற்றது திருத்தப்படாமல் விண்மீன்களோடு போனது. ஜூலியன் நாள்காட்டியைக் கைவிடாத கீழைத் திருச்சபைகளுக்கு இன்றும் நத்தார் ஜனவரி 7இல்தான். அந்நாள்காட்டியின் ஜனவரி 1 விழுவது நமது பொங்கல் நாளான ஜனவரி 14இல். திருத்தாமல் விட்ட இரண்டு மரபுகளும் ஒரே தேதியில் வந்து நிற்பது தற்செயலே என்றாலும் மகிழ்ச்சி தரும் தற்செயல்.

இனி மலைக்கு வருவோம். பொங்கல், காவிரிக் கரையிலும் வைகைக் கரையிலும் நெல் அறுத்தவர்களின் விழா. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னே மன்னார்க் காடு கடந்து நடந்து வந்தவர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். வந்த இடத்தில் வயல் இல்லை. நத்தார், பனி கொட்டும் நாட்டுத் துரைமாருடன் வந்தது. வந்த இடத்தில் பனி கொட்டுவதில்லை, சைப்பிரஸ் கிளையில் பஞ்சு ஒட்டப்பட்டது. அறுவடை இல்லாத அறுவடை விழாவும் வெண்பனி இல்லாத வெண்பனி விழாவும் இவ்வாறு ஒரே மலைச்சரிவில் குடியேறின.

அந்தத் துரைமாரிலும் ஒரு வியப்பு இருக்கிறது. டயகமவைச் சூழ்ந்துள்ள அக்கரப்பத்தனைத் தோட்டங்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: பல்மோரல், கிளாஸ்கோ, வேவர்லி. எல்லாம் ஸ்கொட்லாந்து. அங்கே சீர்திருத்தத் திருச்சபை நத்தாரை விரும்பவில்லை. 1640இல் அந்நாட்டு நாடாளுமன்றமே நத்தார் விடுமுறையை ஒழித்தது. 1958இல்தான் அது மீண்டும் பொது விடுமுறை ஆயிற்று. அந்நாட்டவர் பெரிதாகக் கொண்டாடியது ஆண்டின் கடைசி இரவை. ஆகவே லயத்துக்கு நத்தாரைக் கொண்டுவந்தவர்கள் பங்களாக்காரர்கள் என்று சொல்வது பாதி உண்மைதான். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசிமாரும் கத்தோலிக்கக் குருமாருமே அதைத் தமிழில் லயத்து வாசல்வரை கொண்டுவந்தார்கள்.

இரண்டும் மிக நெருங்கி வருவது நடையில். மார்கழி பிறந்ததும் கோயில் பஜனைக் குழு விடியுமுன்னே ஆர்மோனியத்தோடும் தாளத்தோடும் லயம் லயமாகப் போகிறது. டிசம்பர் நடுவிலிருந்து கரோல் குழு மேளத்தோடு மாலையிலும் இரவிலும் அதே லயங்களுக்குப் போகிறது. கரோல் குழு நட்சத்திரக் கூடு ஏந்துகிறது. பஜனைக் குழு சாமி விளக்கு ஏந்துகிறது. இரண்டையும் வாசலில் நிறுத்திச் சுடச்சுடத் தேத்தண்ணி கொடுப்பவை பல வேளைகளில் ஒரே வீடுகள். தேவர்களின் விடியற்காலம் மார்கழி என்பது ஒரு மரபு. இருளில் ஒளி பிறந்தது என்பது மற்றது. இரண்டும் இருட்டில் நடந்துபோய்ப் பாடுகின்றன.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தில் விடியற்காலை தொழிலாளிக்குச் சொந்தமாக இருந்ததில்லை. தப்பு அடித்து எழுப்பிப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிறுத்திய காலத்தில், இருளும் குளிரும் கலந்த அந்த வேளை கணக்கப்பிள்ளையின் பேரேட்டுக்கு உரியதாய் இருந்தது. அந்த வேளையைப் பாட்டுக்கு எடுத்துக்கொண்டது பஜனை. வேலை முடிந்து உடம்பு ஓய்ந்த வேளையை எடுத்துக்கொண்டது கரோல். சோழ மண்டலத்திலோ எடின்பரோவிலோ இந்த நடைகளுக்கு இப்படியொரு பொருள் இருந்திருக்காது.

வேறுபாடும் கூர்மையானது. நத்தாரின் உச்சம் நள்ளிரவு; தேவாலயத்தின் கூரைக்குள், மணியோசையோடு நடப்பது. பொங்கலின் உச்சம் திறந்த வாசலில், கிழக்கு முகமாக நடப்பது. மூன்று கல் கூட்டி, கவ்வாத்துவெட்டில் காய்ந்த மிலாறு எரித்து, தேயிலை விறகின் சூட்டில் அரிசி பொங்குகிறது. நத்தாரின் நேரம் மாறாதது. பொங்கலின் நேரத்தை வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வேறு வேறாகக் குறிப்பதுண்டு. பாடசாலையிலோ இந்த எல்லை தளர்கிறது: தவணை முடிவில் நத்தாரை ஒட்டிய ஒளி விழா, புதிய ஆண்டில் பொங்கல் விழா, நாடகத்தில் இடையராய் நின்ற பிள்ளையே சில வாரம் கழித்துக் கோலத்துக்குப் பக்கத்திலும் நிற்கும்.

இவற்றில் எது சூரியனுக்கு நெருங்கியது? நான்கு நாள் பிந்திய நத்தார் என்றே எண் சொல்லும். டயகமவின் மலைமுகடு வேறு விடை சொல்கிறது.

பகலின் நீளம் இங்கே மாறாதது போலத் தோன்றினாலும், சூரியன் உதிக்கும் இடம் ஆண்டுக்குள் 47 பாகை இடம்பெயர்கிறது. டிசம்பரில் அது தெற்கே ஒதுங்கி, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளை நோக்கிப் போய்விடும். திருப்பத்தை ஒட்டி அந்த இடம் அசைவதே இல்லை. டிசம்பர் 25இல் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் 21இன் இடத்திலிருந்து பிரித்தறிய முடியாது. ஜனவரி 14இல் அது இரண்டு பாகை வடக்கே வந்திருக்கும், அதாவது சூரியனின் அகலத்தைப்போல் நான்கு மடங்கு. வெறுங்கண்ணுக்கு அது போதும். நாள்காட்டியில் பிழை எனப்பட்ட அந்த 24 நாள், கண்ணுக்கு நியாயம் செய்கிறது: சூரியன் திரும்பிவிட்டது என்று பார்த்துச் சொல்லக்கூடிய நாளில் பொங்கல் விழுகிறது. இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. உதயம் பிந்துவது ஜனவரிக் கடைசிவரை நிற்பதில்லை. பொங்கலன்று சூரியன் எழுவது டிசம்பர் 21ஐ விட ஒன்பது பத்து நிமிடம் தாமதமாக. குளிரில் பானைக்கு முன்னே காத்திருப்பவர்கள் நீளும் பகலுக்காக, இன்னும் பிந்தும் உதயத்தைப் பார்த்து நிற்கிறார்கள்.

மண்ணின் சான்றும் தைப்பக்கமே சாய்கிறது. நத்தார்க் காலம் பெரும்பாலும் மழையும் மூடுபனியும். ஜனவரியில் வானம் தெளிந்து, இரவில் துகள் உறைபனி விழுந்து, பள்ளத்துத் தேயிலை கருகுகிறது. அதே தெளிந்த குளிரும் வறண்ட காற்றும்தான் டிம்புள்ளப் பகுதித் தேயிலைக்கு மணத்தைத் தருகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரையான கொழுந்துக்குச் சந்தையில் தனி மதிப்பு. அறுவடை இல்லாத விழா என்று மேலே சொன்னேன். தை பிறக்கையில் இந்த மலையின் மிகச் சிறந்த அறுவடையும் தொடங்குகிறது, அதைப் பறிக்கும் கைகளுக்கு அதன் விலையில் பங்கு மட்டும் வந்து சேரவில்லை.

டயகமவின் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கலாம். டிசம்பர் 21, நத்தார், பொங்கல் ஆகிய மூன்று காலைகளிலும் தம் வீட்டு வாசலின் ஒரே இடத்தில் நின்று, முகட்டில் சூரியன் எட்டிப்பார்க்கும் புள்ளியை வரைந்துவரப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முதலிரண்டு படமும் ஒன்றாக இருக்கும். மூன்றாவது வேறாக இருக்கும். லயத்தில் எந்தச் சாமியைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளையானாலும் வரையக்கூடிய படம் அது.