ஹாட்மெயில் எழுந்த வரலாறும் தாழ்ந்த வரலாறும்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மடல் என்பது வெறுந்தாளன்று. பிறந்த ஊரோடு நம்மைப் பிணித்த கயிறாகும். வேலூரிலிருந்தும் காஞ்சியிலிருந்தும் வந்த மடல்களைக் கம்பியிற் கோத்து வைத்த வழக்கத்தை முதியோர் நன்கறிவர். அம்மடல்கள் கம்பியை விட்டுக் கணிப்பொறிக்குள் புகுந்த காலத்தில், விலையின்றி அஞ்சற்பெட்டி வழங்கிய முன்னோடி ஹாட்மெயில்.

அதனைப் படைத்தோர் இருவர். ஒருவர் பெங்களூரில் வளர்ந்து, பிலானியிற் பயின்று, அமெரிக்கா சென்ற சபீர் பாட்டியா. மற்றவர் அவருடன் பணியாற்றிய ஜாக் சுமித். தொழிலகத்தில் இருந்தவாறே தம்முள் தனித்து மடல் எழுத விரும்பிய அவர்களுக்கு நிறுவனத்தின் காப்பரண் தடையாய் நின்றது. எந்தக் கணிப்பொறியிலும் இணையத்தளம் வழியே திறக்கும் பெட்டி ஒன்றிருப்பின் இத்தடை இராதன்றோ? இவ்வெண்ணமே வித்தாயிற்று. பிறர் கவர்ந்துவிடுவரோ என்றஞ்சிய பாட்டியா, முதலீட்டாளரிடம் முதலில் வேறொரு திட்டத்தையே காட்டினாராம்! பின்னர் 3 இலட்சம் டாலர் முதலீடு கிடைத்தது. 1996 சூலை 4 அன்று பணி தொடங்கிற்று.

செல்லும் மடல் ஒவ்வொன்றின் அடியிலும், நீவிரும் விலையின்றிப் பெட்டி பெறலாம் என்னும் பொருள்பட ஒரு வரி சேர்க்கப்பட்டது. மணவீட்டில் உண்டு மீண்டவர் சமையற்காரரின் பெயரை ஊரெங்கும் பரப்புவது போல, பெற்றவரே விளம்பரம் செய்தனர். ஒன்றரை ஆண்டிற்குள் 85 இலட்சம் பேர் சேர்ந்தனர். 1997 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அதனை வாங்கிற்று. விலை ஏறத்தாழ 40 கோடி டாலர் என அந்நாளில் செய்தி வந்தது.

நம் நாட்டிற் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்டு 15-இல். வீட்டிற் கணிப்பொறி இல்லாதோர் கடைத்தெரு இணைய நிலையத்தில் மணிக்கணக்கிற் பணம் கொடுத்து, கடல் கடந்த மகனின் மடலைப் படித்தனர். தமிழெழுத்து எளிதில் வாராமையால் உரோமன் எழுத்தில் தமிழெழுதினர். படிப்பதற்குப் பெருந்தொல்லைதான், எனினும் மடல் நொடியில் வந்ததே!

பெட்டியின் கொள்ளளவோ 2 மெகாபைட். பேரனின் படங்கள் சில வந்தாலே நிரம்பிவிடும். 30 நாள் திறவாதிருப்பின் உள்ளிருந்த மடல்கள் அழிக்கப்படும் என்ற விதியும் சில காலம் இருந்தது. மாதம் ஒருமுறையேனும் நிலையத்திற்குச் செல்ல இயலாத முதியோர்க்கு இது எத்துணைக் கொடிய விதி! 1999 ஆகஸ்டில் மறைச்சொல் இன்றியே பிறர் பெட்டியைத் திறக்கலாகும் குறை வெளிப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் வேறொரு வேடிக்கையும் நிகழ்ந்தது: நுழைவிற்கு வேண்டிய இணையப் பெயரைப் புதுப்பிக்கும் 35 டாலரைச் செலுத்த அப்பெருநிறுவனம் மறந்தது; பயன்படுத்துவோர் ஒருவர் தம் கைப்பணத்தைச் செலுத்தி வழி திறந்தார்.

2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் 1 கிகாபைட் கொள்ளளவுடன் ஜிமெயிலை அறிவித்தபோது, முட்டாள்கள் தினக் கேலியென்றே பலர் எண்ணினர். மைக்ரோசாஃப்டும் தன் பெட்டியைப் பெரிதாக்கிற்று. ஆயினும் காலம் கடந்துவிட்டது. 2012 சூலையில் அவுட்லுக் தோன்றியது. 2013 மே மாதத்திற்குள் ஹாட்மெயில் அதனுள் கலந்தது. பழைய முகவரிகளை வைத்துக்கொள்ள இடம் தரப்பட்டது. அழிந்த மடல்கள் மட்டும் மீளவில்லை.