ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிள்ளைக்கு

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிள்ளைக் கடற்கரைக்குப் பறவை போகிற வழி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வரைபடத்தில் அளவுகோல் வைத்து நானே பார்த்தது. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். நேர்கோட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. 1802இல் லாம்ப்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்த பிறகுதானே இந்த நாட்டின் பெரிய அளவைப் பணி தொடங்கியது. விமானம் என்றால் இந்த 40 கிலோமீட்டரை நாலைந்து நிமிடத்தில் தாண்டிவிடும். எங்கள் ஸ்ரீமுஷ்ணம் கோயில் சாமி பூவராகருக்கு நாள்கணக்கில் ஆகிறது.

மாசி மகத்துக்கு அவருடைய உற்சவரான யக்ஞவராகர் கிள்ளை முழுக்குத்துறையில் தீர்த்தவாரி காணப் புறப்படுவார். கிழக்கே சேத்தியாத்தோப்பு, வெள்ளாற்றங்கரையில் புவனகிரி, அதற்கப்பால் உப்பங்காற்று.

என் தாத்தா காலத்தில் தூரத்தை நாழிகை வழி என்று சொல்வார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம்; அதற்குள் ஓர் ஆள் நடக்கிற தூரம் ஒரு நாழிகை வழி. அந்தக் கணக்கில் கிள்ளைக்கு இருபது நாழிகை வழி, எட்டு மணி நேர நடை. கோழி கூவக் கிளம்பினால் பிற்பகலில் கடலில் கால் நனைத்துவிடலாம். அப்படியும் சாமிக்கு ஏன் இத்தனை நாள்? வழியெல்லாம் மண்டகப்படி. வாசல் தெளித்துக் கோலம் போட்டு, தேங்காய் பழத்தோடு குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு வயல் நடுவே குறுக்கு வழியில் போக முடியுமா?

நிலம் அளக்கும்போது நேர்கோட்டைப் போட்டுவிட்டு, வரப்பு எங்கெங்கே அதைவிட்டு விலகுகிறதோ அங்கெல்லாம் ஆப்செட் எடுப்போம். வயலின் உருவம் அந்த விலகல்களில்தான் கிடைக்கும். இந்தப் பயணத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அந்த நிறுத்தங்களில் எனக்கு மிகப் பெரியது கிள்ளைக்கு முன்னால் உள்ள தைக்கால். சையத் ஷா ரஹமத்துல்லா தர்காவைச் சேர்ந்த முஸ்லிம்கள் அங்கே சாமியை எதிர்கொண்டு பட்டும் மாலையும் தருகிறார்கள். கோயில் மரியாதை தர்காவுக்குப் போகிறது. நவாபு ஒருவரின் நோயை வராகர் தீர்த்தார் என்ற கதையைக் காரணமாகச் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. வருஷா வருஷம் நடக்கிற காரியம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுக் கண்கலங்குவதைப் பார்த்த பிறகுதான் இதன் அருமை எனக்கு உறைத்தது.

மகத்தன்று முழுக்குத்துறையில் மற்ற ஊர்ச் சாமிகளும் கூடியிருக்கும். கரையில் ஜனங்கள் பிதுர்களுக்குத் தர்ப்பணம் கொடுப்பார்கள். திரும்பும் வழியிலும் நிறுத்தி நிறுத்தித்தான் வருகை.

இப்போது சேத்தியாத்தோப்பு வழியாக நாலுவழிச் சாலை வருகிறது. சாலை அகலமானால் பழைய மண்டகப்படி இடங்கள் சில நகரத்தான் வேண்டும். எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டு உபயம், சாமி எத்தனை நாழிகை நிற்பார் என்பதெல்லாம் பெரியவர்கள் நினைவில் மட்டும் இருக்கிறது. கோயில் நிர்வாகமும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அதை வரைபடமாகக் குறித்து வைக்க வேண்டும். சங்கிலி பிடிக்க ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன்.