விற்கச் சொல்லாத அனலிஸ்டுகள்

"இந்த டெக்னாலஜி பங்குக்கு 'பை' ரேட்டிங், டார்கெட் விலை இவ்வளவு" என்று செய்திகளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். அந்த ரேட்டிங்கை எழுதுபவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அதற்கு ஒரு வரலாறே இருக்கிறது நண்பர்களே.

அமெரிக்காவில் 1975 மே 1 வரை தரகுக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்ட ஒன்று. கட்டணத்தைக் குறைத்துப் போட்டி போட முடியாது. அதனால் தரகு நிறுவனங்கள் நல்ல ஆய்வறிக்கைகளைக் கொடுத்து வாடிக்கையாளர்களைப் பிடித்தன. செலவு தரகிலிருந்தே கிடைத்துவிடும். அன்றைக்கு அந்த முறை ஒழிக்கப்பட்டது, கட்டணம் சரிந்தது. ஆய்வுப் பிரிவுக்குச் சோறு போட வேறு வழி தேட வேண்டிய நிலை. நாளடைவில் அந்தப் பணம், கம்பெனிகளுக்கு ஐபிஓ நடத்தித் தரும் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் பிரிவிலிருந்து வர ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டில் கமிஷன் வாங்கிய தரகர், பெண் வீட்டில் போய் மாப்பிள்ளையைப் பற்றி என்ன சொல்வார்? அதே கதைதான்!

இனி 1998 டிசம்பருக்கு வருவோம். சிஐபிசி ஓப்பன்ஹைமர் நிறுவனத்தின் ஹென்றி பிளாட்ஜெட், சுமார் 240 டாலரில் இருந்த அமேசான் பங்குக்கு 400 டாலர் டார்கெட் கொடுத்தார். மெரில் லிஞ்சின் ஜோனதன் கோஹனோ 50 டாலர்தான் பெறும் என்றார். ஒரு மாதத்துக்குள் பங்கு 400-ஐத் தொட்டுவிட்டது. 1999-ல் மெரில் லிஞ்ச், கோஹன் இருந்த இடத்துக்கு பிளாட்ஜெட்டையே கொண்டுவந்தது. எச்சரித்தவர் போனார், ஏற்றிச் சொன்னவர் வந்தார். மற்ற அனலிஸ்டுகளுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

2000 மார்ச் 10 அன்று 5,048 புள்ளிகளில் முடிந்த நாஸ்டாக் குறியீடு, 2002 அக்டோபர் 9-ல் 1,114-க்கு வந்துவிட்டது. அமேசான் 2001 செப்டம்பரில் 6 டாலருக்கும் கீழே போனது. 1999-ல் பங்கு இரண்டு முறை பிரிக்கப்பட்டதால் பழைய 400 டாலர் என்பது புதிய கணக்கில் சுமார் 67 டாலர். அதிலிருந்து பார்த்தாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

2002 ஏப்ரலில் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர், மெரில் லிஞ்சின் உள் மின்னஞ்சல்களை வெளியிட்டார். இன்ஃபோஸ்பேஸ் என்ற கம்பெனிக்கு ஊருக்கெல்லாம் உயர்ந்த ரேட்டிங், உள்ளுக்குள் அது குப்பை என்று பேச்சு. அந்த இன்டர்நெட் பிரிவு எந்தப் பங்குக்குமே 'விற்றுவிடுங்கள்' என்று ரேட்டிங் கொடுக்கவில்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது.

மே மாதம் மெரில் லிஞ்ச் 10 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. 2003 ஏப்ரலில் 10 பெரிய நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 140 கோடி டாலருக்கு சமரசம் செய்துகொண்டன. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் பிளாட்ஜெட் 40 லட்சம் டாலர் கட்டினார். பங்குத் தொழிலில் அவருக்கு ஆயுட்காலத் தடை. ஆய்வுப் பிரிவுக்கும் பேங்கிங் பிரிவுக்கும் நடுவே சுவர் எழுப்பச் சொன்னார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். கணிப்பு பொய்த்ததற்காக அவருக்குத் தண்டனை இல்லை. கணிப்பு யாருக்கும் பொய்க்கலாம். அமேசானே பின்னாளில் அந்தப் பழைய உச்சத்தையெல்லாம் பல மடங்கு தாண்டிவிட்டது. மனதில் ஒன்று, அறிக்கையில் ஒன்று என்று இருந்ததுதான் குற்றச்சாட்டு. அதை நம்பி ஓய்வூதியப் பணத்தைப் போட்ட சாதாரண மக்களுக்கு அந்த மின்னஞ்சல்கள் வரவில்லையே!

நம் நாட்டிலும் 2014-ல் செபி, ஆய்வாளர்களுக்கென்று தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. அறிக்கை எழுதுபவர் அந்தக் கம்பெனியோடு தனக்குள்ள பண உறவைச் சொல்லியாக வேண்டும். ரேட்டிங் முதல் பக்கத்தில் பெரிதாக இருக்கும். அந்த உறவு பெரும்பாலும் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும். அடுத்த முறை கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.