நாகையில் சீனக் கோபுரம், சீனத்தில் சிவன் கோயில்

காவிரிக் கரையின் கைகள் – 17

சென்ற வாரம் சுவாமிமலைப் பட்டறையில், மண் அச்சை உடைத்துத் திருமேனியை வெளியே எடுக்கும் இடத்தில் நிறுத்தியிருந்தோம். காவிரி வண்டலைப் பிசைந்து அச்சு செய்த இந்தக் கைகள் நம் சாமிகளை மட்டும்தான் வார்த்தனவா? அதற்கு விடை தேடி இந்த வாரம் ஆற்றோடு கிழக்கே போவோம். காவிரியின் கிளைகள் கடலைத் தொடும் நாகப்பட்டினத்துக்கு.

1846-இல் நாகைக்கு வந்த வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கே ஓர் இடிந்த கோபுரத்தைப் பார்த்தார். நான்கு பக்கம், மூன்று நிலை, முழுக்கச் செங்கல். சாந்து பூசாமல் ஒன்றோடு ஒன்று நெருக்கி இழைத்து அடுக்கிய செங்கல். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வாசலோ சாளரமோ போன்ற ஒரு திறப்பு. உள்ளே தளங்கள் விழுந்துபோய், அண்ணாந்தால் வானம் தெரிந்தது. ஊர்க்காரர்கள் அதைப் ‘புதுவெளிக் கோபுரம்’ என்றார்கள். வெள்ளைக்காரர்களில் சிலர் ‘கறுப்புக் கோபுரம்’ என்றார்கள், சிலர் ‘சீனக் கோபுரம்’ என்றார்கள். நில அளவைப் படத்தில் அது ‘சமணக் கோபுரம்’ ஆகிவிட்டது. கடலில் வரும் கப்பல்காரர்களுக்கு அதுதான் கரையின் அடையாளம்.

பெயர்கள் இத்தனை இருந்தாலும், உண்மையை ஒட்டி நின்ற பெயர் ‘சீனக் கோபுரம்’தான் என்று நினைக்க வலுவான சான்று ஒன்று உண்டு. அது இருப்பது சீன மொழியில்.

கோபுரத்தில் ஒரு சீனத் தேதி

14-ஆம் நூற்றாண்டில் கடலோடியாகப் பல நாடு சுற்றிய வாங் தாயுவான் என்ற சீனர், தாம் கண்டதையெல்லாம் 1349 வாக்கில் நூலாக எழுதினார். அதில் ‘மண் கோபுரம்’ என்று ஒரு சிறு பகுதி. பட்டினத்தின் சமவெளியில், மரமும் கல்லும் சூழ்ந்த இடத்தில், மண்ணாலும் செங்கல்லாலும் எழுப்பிய உயரமான கோபுரம் ஒன்று நிற்கிறது என்கிறார். அதில் சீன எழுத்தில் ஒரு தேதியும் இருந்ததாம். சியன்சுன் ஆட்சிக்காலத்தின் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதம் வேலை முடிந்தது என்பது அதன் பொருள். நம் கணக்கில் அது 1267. சீன நாட்டார் அங்கு வந்து எழுதிவைத்தது என்று உள்ளூரில் சொல்லக் கேட்டதாகவும் அவர் குறித்திருக்கிறார்.

வாங் தாயுவான் சொன்ன கோபுரமும் எலியட் பார்த்த கோபுரமும் ஒன்றே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இந்த நிலத்தை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பு இருக்காது. டெல்டாவில் கல் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. ஆனால் செங்கல்லுக்கான மண் காலடியிலேயே கிடக்கிறது. கப்பலில் வந்த சீனர்கள் செங்கல்லில் கோபுரம் எழுப்ப இதைவிடத் தோதான கரை வேறெங்கே?

97 வேலி நிலம், 8,943 கலம் நெல்

சீனர்கள் ஏன் நாகைக்கு வந்து கோபுரம் கட்ட வேண்டும்? அங்கே அவர்களுக்கு முன்பே ஒரு பௌத்தப் பள்ளி இருந்தது. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சூளாமணிவர்மன் தொடங்கி, அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்த சூளாமணி விகாரம். அதற்கு முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் (1005–06) ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். 97 வேலிக்கு மேற்பட்ட நிலம். அதிலிருந்து பள்ளிக்குச் சேர வேண்டிய நெல் ஏறத்தாழ 8,943 கலம்.

அந்தக் கொடையைப் பதித்த 21 செப்பேடுகள் சோழ முத்திரை பொறித்த பெரிய வளையத்தில் கோத்தவை. ஐந்து ஏடுகள் வடமொழி, பதினாறு ஏடுகள் தமிழ். நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் ‘லெய்டன் செப்பேடுகள்’ என்றே அவற்றுக்குப் பெயர் நிலைத்தது.

சிவபாதசேகரன் என்று பெயர் கொண்ட மன்னன், கடல் கடந்த ஓர் அரசனின் புத்தர் பள்ளிக்குக் காவிரி நெல்லை அளந்து கொடுக்கிறான். அவன் மகன் இராசேந்திரன் 1025 வாக்கில் அதே கடாரத்தின் மீது கப்பற்படை அனுப்புகிறான். போர் வந்தது, போனது. நாகைப் பள்ளிக்கான நெல் நின்றுவிடவில்லை. முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1090-இல், அந்தப் பள்ளியின் உரிமைகளை உறுதி செய்து மூன்று சிறு செப்பேடுகள் வெளியாயின.

அக்கசாலையார் வார்த்த ‘ஆழ்வார்’

இனி பட்டறைக்கு வருவோம். 1856-இல் அந்தக் கோபுரத்தின் அருகே இருந்த பழைய பெரிய இலுப்பை மரம் ஒன்றை வெட்டியபோது, வேருக்கடியில் புத்தர் திருமேனிகள் கிடைத்தன. அதிலிருந்து 1930-கள் வரை நாகையின் வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் பூமிக்குள்ளிருந்து வந்த பௌத்தப் படிமங்கள் 350 அளவில். அவற்றில் பெரும்பங்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

பாருங்கள், உடனே ஒன்று புரியும். நெற்றிக்கு மேலே தீச்சுடர் போல் எழும் முடி, உள்ளங்கையில் தாமரைக் குறி, தோளில் படிந்த மெல்லிய சீவர ஆடை என்று இலக்கணமெல்லாம் பௌத்தம். ஆனால் தோளின் வளைவும், இடையின் ஒடுக்கமும், முகத்தின் அமைதியும் நம் ஊர்ச் சோமாஸ்கந்தரின் உடன்பிறப்பு. மெழுகும் குங்கிலியமும் காய்ச்சி உரு பிடித்து, வண்டல் மண்ணால் மூடி, சூட்டில் மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றிய அதே முறை. அதே கை.

இதில் ஒரு படிமம் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. இன்று நியூயார்க்கின் ஆசியா சொசைட்டி அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் புத்தரின் பீடத்தில் தமிழ்க் கல்வெட்டு மொழியில் சில வரிகள் உள்ளன. நாகையின் இராசேந்திரசோழப் பெரும்பள்ளியைச் சேர்ந்த ‘அக்கசாலைப் பெரும்பள்ளி’க்காக, திருவிழாவில் எழுந்தருளும் மூர்த்தியாக இது செய்யப்பட்டது என்கின்றன அவை. அக்கசாலை என்றால் பொன் வேலையும் காசு வேலையும் நடக்கும் பட்டறை. பதினெண் விஷயத்து (பதினெட்டு நாட்டு) அக்கசாலைகளுக்கும் இவர் நாயகர் என்று அந்தப் புத்தரைக் கொண்டாடுகிறது எழுத்து. அவரை அது அழைக்கும் பெயர் ‘ஆழ்வார்’.

உலோகத் தொழிலாளர் தங்களுக்கென்று ஒரு பௌத்தப் பள்ளி வைத்திருந்தார்கள். தங்கள் புத்தரைத் தமிழில் ஆழ்வார் என்று அழைத்து, நம் உற்சவ மூர்த்தியைப் போல வீதியுலா கொண்டுபோனார்கள். கோயில் எந்தச் சமயத்தின் கோயில் என்பது மன்னர்களின் செப்பேட்டில் இருக்கிறது. அந்தக் கோயிலைத் தன் கோயிலாக்கிக்கொண்டவர் யார் என்பது இந்தப் பீடத்தில் இருக்கிறது.

வயலில் சீனக் காசு

சீனத்திலிருந்து நமக்கு வந்தவை என்ன? சீனர்கள் சோழ நாட்டைச் ‘சூ-நியன்’ என்று எழுதினார்கள். சோழத் தூதர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சுங் அரசவைக்குப் போனதைச் சீனக் குறிப்புகள் பதிந்து வைத்திருக்கின்றன. 1077-இல் போனவர்கள் 72 பேர். கண்ணாடிப் பொருள், கற்பூரம், தந்தம், பன்னீர், பெருங்காயம், கிராம்பு என்று அவர்கள் கொண்டுபோனவற்றுக்கு ஈடாகக் கிடைத்தது 81,800 சரம் செப்புக்காசு. ஒரு சரத்துக்கு ஆயிரம் காசு என்பது பொதுக்கணக்கு.

நடுவில் சதுரத் துளை போட்ட அந்தக் காசுகளின் வார்ப்பே தனிக் கலை. மணலில் மூலக்காசுகளை வரிசையாக அழுத்தி, நடுவே வாய்க்கால் வெட்டி, உலோகம் ஊற்றினால், கிளையில் காய் தொங்குவதுபோல் காசுகள் ஒட்டிக்கொண்டு வரும். ‘காசு மரம்’ என்றே அதைச் சொல்வார்கள். ஒவ்வொன்றாக ஒடித்து, கம்பியில் கோத்து, ஓரத்தை அரத்தால் தேய்த்துச் சமன் செய்வார்கள். சதுரத் துளை அதற்குத்தான் உதவியது. சதுரக் கம்பியில் காசு சுழலாது. 1080 வாக்கில் சுங் நாணயச்சாலைகள் ஆண்டுக்கு 50 லட்சம் சரத்துக்கு மேல் வார்த்தன. நம் ஸ்தபதியின் அச்சு ஒரே ஒரு திருமேனியைப் பெற்றுவிட்டு உடைந்துபோகும். சீனரின் மூலக்காசு கணக்கற்ற காசுகளுக்குத் தாய். உலோகத்தை உருக்கி ஊற்றுவது இரண்டுக்கும் பொது. ஒன்று, இனி வராத ஒன்றைச் செய்யும் கலை. மற்றது, மாறாத ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்யும் கலை.

அந்தக் காசுகள் நம் வயல்களுக்கும் வந்துவிட்டன. பட்டுக்கோட்டைப் பக்கம் விக்கிரமம், ஒலயக்குன்னம், மன்னார்குடிப் பக்கம் தாலிக்கோட்டை என்று பழைய தஞ்சை மாவட்டத்து ஊர்களில் சீனக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டு அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் வந்தன.

சீனப் பச்சைப் பீங்கானைக் கையில் எடுத்தால் வெளிர்பச்சை மேனி பளிங்குபோல் குளிரும். அந்தப் பச்சை சாயம் பூசி வந்ததல்ல. மேற்பூச்சில் கொஞ்சம் இரும்பு இருக்கும். மலைச்சரிவில் நீண்டு படுத்த ‘நாகச் சூளை’யில் காற்றைக் குறைத்து, 1,200 பாகைக்கு மேல் சுட்டால் அந்த இரும்பு பச்சையாகும். காற்று கொஞ்சம் கூடினால் மஞ்சளோ பழுப்போ ஆகிவிடும். தீயின் மூச்சை அளந்து வைத்திருந்த கைகள் அவை. நம் வீடுகளில் இன்றும் புழங்கும் ‘சீனச்சட்டி’ என்ற சொல்லில் அந்தப் பழைய உறவின் வாசம் இருக்கிறது.

சுவான்சௌவில் திருவானைக்கா

இப்போது கப்பலேறி மறுகரைக்குப் போவோம். தென்சீனத்தின் சுவான்சௌ துறைமுகம். 1956-இல் அங்கே ஒரு கல் கிடைத்தது. அதில் தமிழ். சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலியக் கானின் ஆணையோடு, கானின் உடல்நலம் வேண்டி, சிவபெருமானை எழுந்தருளுவித்ததை அது சொல்கிறது. ஆண்டுகொண்டிருந்தவர் குப்லாய் கான். அடியில் சீன எழுத்தும் உண்டு. நாகையில் சீனர் தேதி எழுதி 14 ஆண்டுகளில் சுவான்சௌவில் தமிழர் தேதி எழுதிவிட்டார்கள்.

அந்தச் சிவன் கோயில் இன்று இல்லை. ஆனால் அதன் கற்கள் இருக்கின்றன. அந்த நகரின் புகழ்பெற்ற கையுவான் புத்தர் கோயிலின் பின்புறத்தில் இரண்டு தூண்கள் நிற்கின்றன. அவற்றில் நரசிம்மர் இருக்கிறார். கோபியர் ஆடையைக் கவர்ந்த கண்ணன் இருக்கிறான். சுவான்சௌவில் கிடைத்த இன்னொரு கல்லில், இலிங்கத்துக்கு யானை ஒன்று வழிபாடு செய்கிறது. காவிரிக் கரையில் பிறந்த எவருக்கும் இது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. திருவானைக்கா.

அந்தக் கல் உள்ளூர்க் கல். செதுக்கிய உளியும் சீனருடையது என்பதே கலை வரலாற்றாளர் முடிவு. உருவத்தின் அமைப்பு சோழ நாட்டுடையது, மேகமும் மலரும் ஓர வேலையும் சீன வழி. யானைக்காவின் கதையைத் தமிழ் வணிகர் யாரோ ஒருவர் சொல்ல, காவிரியை ஒருநாளும் பார்த்திராத ஒரு கல்தச்சர் கேட்டுக்கொண்டே செதுக்கியிருக்க வேண்டும். நாகையில் தமிழ்க் கன்னார் புத்தரை வார்த்தார். சுவான்சௌவில் சீனக் கல்தச்சர் சிவனைச் செதுக்கினார். இரண்டு பேருமே அடுத்தவர் சாமியைத் தன் ஊர் மண்ணிலும் தன் ஊர்க் கல்லிலும் செய்தார்கள், தன் சாமிக்குக் காட்டும் அதே கவனத்தோடு.

சுவான்சௌவை அடுத்த செதியன் என்ற ஊரில் ஒரு சிறு கோயிலில், நம் அம்மன் சிற்பம் ஒன்று இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. நான்கு கை, காலடியில் அசுரன், இருபுறமும் தோழியர். ஊர்மக்கள் அவளைக் கருணைத் தெய்வமான குவான்யின் என்று கும்பிட்டு ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். நாகையில் புத்தர் ‘ஆழ்வார்’ ஆனார். சீனத்தில் நம் அம்மன் குவான்யின் ஆனாள்.

இடித்ததும் காத்ததும்

சுவான்சௌ தன் கற்களைக் காத்தது. கோயில் போன பிறகும் தூண்களை இன்னொரு கோயிலில் நிறுத்திக்கொண்டது. பிறகு அருங்காட்சியகத்தில் வைத்தது. 2021-இல் அந்த நகரின் பழைய துறைமுகச் சின்னங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின.

நாகை என்ன செய்தது? கோபுரம் நின்ற நிலம் கிறித்தவப் பாதிரிமார்களின் கல்லூரி வளாகத்தோடு சேர்ந்திருந்தது. பாழடைந்த கோபுரத்தை அகற்ற அவர்கள் அனுமதி கேட்டார்கள். சென்னை அரசு கொடுத்தது. 1867-இல் அது இடிக்கப்பட்டது. வாங் தாயுவான் கண்ட தேதியோடு சேர்த்துப் பார்த்தால் சரியாக 600 ஆண்டு. கேட்டவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கொடுத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. இன்று நமக்கு மிஞ்சியிருப்பது எலியட்டின் குறிப்பும் படமும்தான்.

ஆனால் மண்ணுக்குள் இருப்பது இன்னும் இருக்கிறது. வேளாண் கொல்லையில் குழி தோண்டும்போது, குளம் தூர் வாரும்போது, வீட்டுக்கு அடித்தளம் எடுக்கும்போது துளை போட்ட ஒரு காசு தட்டுப்படலாம். பச்சையாய் மின்னும் ஓர் ஓடு தட்டுப்படலாம். பழைய இரும்புக் கடைக்கும் குழந்தைகளின் பாண்டி விளையாட்டுக்கும் அவற்றைக் கொடுத்துவிடாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். விக்கிரமத்துக் காசுகளும் இலுப்பை மரத்தடிப் புத்தரும் வந்தது இப்படி மண்ணைத் தோண்டியவர்களின் கைவழியேதான். அடுத்தது உங்கள் கைக்கு வரலாம்.