தெளிவற்ற இழப்பு

தெளிவற்ற இழப்பு என்பது, ஒருவரை இழந்துவிட்டோமா இல்லையா என்று உறுதியாகத் தெரியாத நிலையில் அவருடைய குடும்பம் படும் துயரம். போரில் காணாமல் போனவர்கள், பிடித்துச் செல்லப்பட்டபின் தடயமே கிடைக்காதவர்கள், கடலுக்குப் போய்க் கரை திரும்பாதவர்கள் ஆகியோரின் வீடுகளில் இதைக் காணலாம். மறதிநோயால் நினைவிழந்து, கண்முன்னே இருந்தும் பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போன முதியவரின் குடும்பம் படுவதும் இதன் இன்னொரு வகைதான். இக்கட்டுரை முதல் வகையை, பெரிதும் இலங்கையை முன்வைத்து விளக்குகிறது.

பின்னாளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியரான பாலீன் பாஸ் 1970களில் இக்கருத்தை உருவாக்கினார். வியட்நாம் போரில் காணாமல் போன படைவீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்தபோது அது பிறந்தது. இதே பெயரில் அவர் எழுதிய நூல் 1999இல் வெளியானது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் நியூயார்க்கில், உடல் கிடைக்காத தொழிலாளர்களின் குடும்பங்களோடும் அவர் பணியாற்றினார். இந்தத் துயரம் குடும்பத்தாரின் மனக்கோளாறு அல்ல, அதன் காரணம் அவர்களுக்கு வெளியே இருக்கிறது என்பதே அவருடைய அடிப்படையான வாதம். துணை நிற்க வருகிற எவரும் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியதும் அதுவே.

சாவு நடந்த வீட்டுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. உடலைக் கிடத்தி அழலாம். ஊர் கூடும், பறை ஒலிக்கும், கொள்ளி வைக்கப்படும். யாழ்ப்பாணத்தில் எட்டாம் நாள் சடங்கு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பின் ஆண்டு நிறைவில் ஆட்டைத்திவசம் என்று நாட்கள் துக்கத்தைக் கைப்பிடித்து நடத்திச் செல்லும். காணாமல் போனவர் வீட்டுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. செய்தால் அவரை நாமே கொன்றதாகிவிடுமோ என்ற அச்சம், செய்யாவிட்டால் அவருடைய ஆன்மா அலையுமோ என்ற கலக்கம். மனைவி பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் வேறொரு பேச்சு. நல்ல காரியங்களில் அவளை முன்னே அழைப்பதா என்று உறவினர் தயங்குவர். வீடு மாறினால் வருகிறவர் எப்படித் தேடி வருவார் என்று இடம்பெயர மறுக்கும் தாய்மார் உண்டு. ஆண்டுகள் ஓடியும் மகனின் உடுப்புகளைத் துவைத்து மடித்து வைப்பவர்கள் உண்டு. இதைப் பித்து என்று சொல்வது அநியாயம். உறுதியான சேதி கிடைக்காத வரை நம்பிக்கையைக் கைவிட யாருக்கும் கடமை இல்லை.

இலங்கையில் இது ஒரு இனத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1987–89 காலத்து ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது தெற்கில் சிங்கள இளைஞர்கள் பெருந்தொகையில் காணாமல் ஆக்கப்பட்டனர். போர்முனையில் தொலைந்த படையினரின் குடும்பங்களும் காத்திருக்கின்றன. வடக்கு கிழக்கில் காயம் இன்னும் ஆழமானது. 2009 மே மாதம் உள்நாட்டுப் போர் முடிந்த நாட்களில் கணவரையும் பிள்ளைகளையும் வட்டுவாகலில் தம் கண்ணெதிரே படையினரிடம் ஒப்படைத்ததாகக் கூறும் குடும்பங்கள் பல. கையளிக்கப்பட்டவர்களுக்கு என்ன ஆனது என்பதே அவர்களுடைய கேள்வி. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தொடர் போராட்டம் தொடங்கினர். விடை தெரியாமலே அவர்களில் பலர் இறந்துவிட்டனர். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் மட்டும் 16,000க்கும் மேற்பட்டோர் காணாமல் போனவர்களாகப் பதிவாகியுள்ளனர்.

ஆவணச் சிக்கல் துயரத்தை மேலும் கூர்மையாக்குகிறது. மரணச் சான்றிதழ் இல்லாமல் காணி உரிமையை மாற்றவோ வங்கிப் பணத்தை எடுக்கவோ பெரும்பாடு. அதை வாங்குவதோ, இறந்துவிட்டார் என்று கையெழுத்திட்டு ஒப்புக்கொள்வதாகப் படுகிறது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், மோதலிலோ பேரிடரிலோ ஓராண்டுக்கு மேல் காணாமல் போனவருக்கு மரணப் பதிவு செய்ய வழி தந்தது. பல குடும்பங்கள் அதை மறுத்தன. 2016இல் அது திருத்தப்பட்டு, ‘காணாமற்போனமைச் சான்றிதழ்’ வந்தது. உயிரோடு இருக்கிறார் என்றும் சொல்லாமல், இறந்தார் என்றும் சொல்லாமல், சொத்து நிர்வாகத்துக்கும் நலத்திட்ட உதவிக்கும் அது வழிவிடுகிறது. இந்த மனவேதனையைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட அரிய சட்டத் திருத்தம் அது.

இந்தியாவில், ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லாவிட்டால் அவர் இறந்ததாகக் கொள்ளச் சாட்சியச் சட்டம் இடமளிக்கிறது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்கள் ஆழ்கடல் மீனவர் பலரை இழந்தன. பலருடைய உடல் கிடைக்கவில்லை. அக்குடும்பங்களை ஏழாண்டு காக்க வைக்காமல் அரசு இழப்பீடு வழங்கியது. வருமானம் நின்றுபோன வீட்டுக்கு அத்தகைய தளர்வே முதல் ஆறுதல்.

துணை நிற்பவர்கள் பெரும்பாலும் தவறுவது ஓரிடத்தில்: ‘இனி வரமாட்டார், மனத்தைத் தேற்றிக்கொள்’ என்பது. ‘நிச்சயம் வருவார்’ என்பதும் அதே அளவு தீங்கானது. ‘அவர் இறந்திருக்கலாம், இருக்கவும் கூடும், இரண்டோடும் நாம் வாழப் பழகலாம்’ என்று பேச இடம் தருவதே பாஸ் காட்டும் வழி. துயரத்துக்கு முடிவு கட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பையே அவர் ஏற்பதில்லை. பிள்ளைகளிடம் ‘அப்பா வெளிநாட்டில் இருக்கிறார்’ என்று மறைப்பதைத் தவிர்த்து, தெரிந்ததையும் தெரியாததையும் வயதுக்கேற்பச் சொல்வது நல்லது. ஒருநாள் உண்மை அறியும் பிள்ளை, இருந்த ஒரே ஆதரவின் மீதும் நம்பிக்கை இழந்துவிடக் கூடாது.

இலங்கையில் செஞ்சிலுவைக் குழுவின் துணைநிற்கும் திட்டம் இதே நிலையில் உள்ள குடும்பங்களைச் சிறு குழுக்களாகக் கூட்டியது. தொழிலுக்கு உதவியும், அலுவலகங்களை அணுக வழிகாட்டலும் அதன் பகுதிகள். ஒரே நிலையில் இருக்கும் இன்னொரு பெண்ணிடம் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அந்தக் கூட்டங்களின் வலிமை அதுவே. அர்ஜென்டினாவில் 1977 ஏப்ரல் 30 முதல் பிளாசா தே மாயோ சதுக்கத்தில் கூடிய, பின்னர் வெண்முக்காட்டைத் தம் அடையாளமாக்கிக்கொண்ட, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கும் அந்தச் சேர்ந்திருத்தலே ஊன்றுகோலாயிற்று.

ஆனால் ஆலோசனையும் உதவித்தொகையும் உண்மைக்கு ஈடாகா. மன்னாரில் சதோச விற்பனை நிலைய வளாகத்தில் 2018இல் தொடங்கிய அகழ்வில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டபோது குடும்பங்கள் பதைத்தன. 2019இல் வந்த கரிமக் காலக்கணிப்பு அவற்றைப் பல நூற்றாண்டுப் பழமையானவை என்றது. அந்த முடிவை எல்லாரும் ஏற்கவில்லை. 2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் அகழ்வு தொடங்கியதும் அதே பதைப்பு திரும்பியது. இத்தகைய அகழ்வுகளில் ஒவ்வொரு கட்டத் தகவலும் செய்திகளுக்கு முன் குடும்பத்தாருக்குச் சேர வேண்டும். அவர்கள் அருகில் மனநல உதவியாளர் இருக்க வேண்டும்.

வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் 24ஆம் உறுப்புரை, குடும்பத்தாரையும் பாதிக்கப்பட்டவர்களாகக் கருதி, உண்மையை அறியும் உரிமையை அவர்களுக்கு வழங்குகிறது. இலங்கை 2016 மே மாதம் அதை ஏற்று உறுதிசெய்தது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. அலுவலகம் 2018இல் பணி தொடங்கியது. பெரும்பாலான குடும்பங்களுக்கு விடை இன்னும் வந்து சேரவில்லை.