குதிரை: தந்தி தங்கும் இடம்

மீட்டி வாசிக்கும் கருவிகளில் தந்தியின் அதிர்வை வாங்கிக் குடத்துக்குக் கொடுக்கும் சிறு தாங்கிக்குக் குதிரை என்று பெயர். கிடாரில் தந்தி அமரும் இடம் ஒடுங்கிய முகடு. வீணை, தம்புரா, சித்தாரில் குதிரையின் மேற்பரப்பு அகலமானது. மிக இலேசான வளைவும் உண்டு. அதிரும் தந்தி அந்த வளைவை உரசிப் படிந்து எழும்போதுதான் ரீங்காரம் பிறக்கிறது.

இதை இயற்பியலாகப் பார்த்தவர் சி.வி. ராமன். தந்தியை ஓரிடத்தில் மீட்டினால், அவ்விடத்தைக் கணுவாக, அதாவது அசையாத புள்ளியாகக் கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது தாமஸ் யங்கின் விதி. தம்புராவும் வீணையும் அந்த விதிக்கு அடங்குவதில்லை என்று 1921இல் கல்கத்தாவிலிருந்து வெளியிட்ட கட்டுரையில் ராமன் காட்டினார். காரணம் குதிரையின் வளைவு. தம்புராவில் கூடவே, தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகும் ‘ஜீவா’ நூல்.

வளைவுதான் ஒலியைத் தீர்மானிக்கிறது என்றால் மூலப்பொருளுக்கு என்ன வேலை? இரண்டு வேலை. மென்மையான பொருள் உச்ச மேற்சுரங்களை விழுங்கிவிடும். கடினமானது கூர்மையாக வெளியே விடும். அதோடு, எஃகுத் தந்தி ஓயாமல் அறுத்தாலும் வளைவு குலையாமல் நிற்க வேண்டும். வீணை செய்பவர்கள் மரக்குதிரையின் தலையில் உலோகத் தகடு பதித்தார்கள். நான்கு வாசிப்புத் தந்திகள் அதன்மேல் ஓடும். மூன்று தாளத் தந்திகளுக்குப் பக்கத்தில் வில்போல் வளைந்த தனி உலோகத் தாங்கி.

வடக்கே சித்தாருக்கு மான் கொம்பும் யானைத் தந்தமும் எலும்பும் பழகின. தந்தி பள்ளம் பறித்ததும் அரத்தால் இழைத்து வளைவை மீட்பது தனிக் கைவேலை. அதற்கு ‘ஜவாரி’ என்று பெயர். ரவிசங்கரின் சித்தார் திறந்த ஜவாரியால் பளிச்சென்று ரீங்கரித்தது. விலாயத் கானுடையது மூடிய ஜவாரி. ரீங்காரம் அடங்கி, குரல்போல் நீளும். பொருளைவிட இழைப்பே பெரிது என்பதற்கு இந்த இருவரின் ஒலிப்பதிவுகளே போதும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் தந்தத்தையும் மான் கொம்பையும் பட்டறைகளிலிருந்து விலக்கின. அவற்றின் இடத்தில் ஒட்டக எலும்பு, கருங்காலி, டெல்ரின் என்னும் நெகிழி ஆகியவை வந்தன. கருங்காலியின் ஒலி சற்றுத் தணிந்தது. டெல்ரினில் எளிதில் பள்ளம் விழாது, ஆனால் எலும்பின் கனம் அதில் இல்லை என்பார் பலர்.